சலாலா போன வழி

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே வாடகை கார்கள் நிற்கும் வரிசையில் என் காரும் நிற்கும். சவாரி இல்லாத நேரத்தில் யாராவது பேச வருவார்கள். வெளிநாட்டுக்கு டிரைவர் வேலைக்குப் போகிறவர்கள் விசா வந்ததும் என்னிடம் விசாரிக்க வருவது வழக்கமாகிவிட்டது. நான் பல வருடம் ஓமானில் வண்டி ஓட்டியவன். சுற்றுப்பட்டில் எல்லோருக்கும் இது தெரியும். அவர்கள் கேட்கும் கேள்விகளில் ஒன்று எப்போதும் இருக்கும்.

"அண்ணே, அங்க எல்லாக் காருலயும் மேப் சேந்தே வருமாமே. தனியா ஒரு ஜிபிஎஸ் பெட்டி வாங்கணுமா?"

எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன். டவுனுக்குள் ஓட்டுவதற்குப் போனே போதும். பாலைவனத்துக்குள் போய்விட்டால் போனில் சிக்னல் இருக்காது, அங்கே இந்த இரண்டில் ஒன்றைத்தான் நம்ப வேண்டும். காரோடு வருகிற நேவிகேஷனுக்குத் திரை பெரிது, வெயிலில் அணையாது, கீழே விழாது, சார்ஜ் போடுகிற வேலை இல்லை. ஆனால் அது காரின் சொந்தக்காரருடையது. அவர் வைத்த பாஷையில் பேசும். கார் வாங்கிய வருடத்தில் எந்த ரோடு இருந்ததோ அதுதான் அதற்குத் தெரியும். தனிப் பெட்டி சூட்டில் அணைந்துபோகும், கண்ணாடியில் ஒட்டி வைத்தால் கழன்று விழும். ஆனாலும் அது நம்முடையது. எந்த வண்டிக்கு மாறினாலும் கூடவே வரும், அதில் நாம் குறித்து வைத்த இடங்கள் அப்படியே இருக்கும். இரண்டும் இருந்தால் நல்லது. ஒன்றுதான் என்றால் உன்னுடையதை வைத்துக்கொள்.

இதோடு நிறுத்திக்கொள்வேன். எனக்கு இது எப்படித் தெரிந்தது என்பதை விசாவைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற ஒருவனிடம் சொல்ல மனம் வராது.

எனக்குத் திருச்சுழிக்குத் தெற்கே ஒரு கிராமம். அப்பாவும் அம்மாவும் ஊரார் காடுகளில் மிளகாய் பறிக்கவும் பருத்தி எடுக்கவும் கூலிக்குப் போனவர்கள். நான் பந்தல்குடியிலிருந்து தூத்துக்குடிக்குக் கரி லோடு ஏற்றிப்போகும் லாரியில் கிளீனராக ஏறி, அதிலேயே ஓட்டப் பழகினேன். பிறகு மஸ்கட்டில் ஒரு கம்பெனிக்கு டிரைவராகப் போனேன். ஆபீஸ் வண்டிகள் பல, இன்றைக்கு ஒன்று நாளைக்கு ஒன்று என்று மாற்றி மாற்றித்தான் எடுக்க வேண்டும். அதனால்தான் சொந்தமாக ஒரு ஜிபிஎஸ் பெட்டி வாங்கினேன். உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிது. பின்னால் ரப்பர் கிண்ணம் போல ஒன்று இருக்கும், அதைக் கண்ணாடியில் அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும்.

நாங்கள் தங்கியிருந்த அறையில் எங்கள் ஊருக்குப் பக்கத்து வீரசோழன்காரர் ஒருவர் இருந்தார். என்னைவிட மூத்தவர், ஒரு மளிகைக் கடையில் கல்லாவில் வேலை. நான் போய்ச் சேர்ந்த அன்று எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். "உங்க ஐயா எங்க ஊருச் சந்தைக்கு ஆடு கொண்டு வந்திருப்பாரே?" என்றார். வந்திருக்கிறார் என்றேன். அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை, தன் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டிலைக் காட்டினார். அன்றிலிருந்து எனக்கு அவர் அண்ணன்.

அவருடைய தம்பி ஓமானின் தெற்கு மூலையில், சலாலாவில், காய்கறி வேன் ஓட்டினார். ஒரு பெருநாளுக்கு மஸ்கட் வந்து எங்கள் அறையில் தங்கினார். ஓயாமல் பேசுகிற மனிதர். "ஆடி மாசத்துல வந்து பாருங்க. எங்க ஊருல மழ தூறிக்கிட்டே இருக்கும். மலையெல்லாம் பச்சையாக் கெடக்கும்" என்றார். அரபு நாட்டில் மழையாவது பச்சையாவது என்று அறையே சிரித்தது. எங்கள் பக்கத்தில் ஆடி என்றால் காற்றும் புழுதியும்தான். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. வீட்டுக்குப் போன் பண்ணும்போதும் இதையேதான் சொல்வாராம், அங்கேயும் யாரும் நம்புவதில்லையாம்.

ஒரு ஆடி மாதம், விடியற்காலைத் தொழுகைக்கு அண்ணன் எழுந்திருந்த நேரத்தில் அவருக்குப் போன் வந்தது. மார்க்கெட்டில் காய்கறிப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்த தம்பி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் பிழைக்கவில்லை. அண்ணன் போனைக் காதிலிருந்து எடுக்காமல் கட்டிலில் உட்கார்ந்தார். எதிர்முனையில் பேச்சு நின்றது எங்களுக்கே தெரிந்தது. அவர் அப்படியே வைத்திருந்தார்.

அந்தச் சீசனில் மழையைப் பார்ப்பதற்கென்றே ஊர் ஊராகச் சலாலாவுக்குக் கிளம்புவார்கள். விமானத்தில் இடம் கிடைக்கவில்லை. நான் மேனேஜருக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். அவர் அந்த நாட்டுக்காரர். தன் வீட்டுக் காரின் சாவியை எடுத்துப்போகச் சொன்னார். "ஓட்டும்போது தூங்கிவிடாதே" என்று மட்டும் சொன்னார்.

நிஸ்வா என்ற ஊரைத் தாண்டி அதுவரை நான் போனதில்லை. அதனால் காரின் நேவிகேஷனிலும் சலாலாவைப் போட்டேன், என் பெட்டியிலும் போட்டேன். கார் அரபியில் பேசியது. பெட்டி இங்கிலீஷில் பேசியது. மஸ்கட்டைத் தாண்டி வெயில் ஏறியதும் பெட்டி கண்ணாடியிலிருந்து கழன்று அண்ணனின் காலடியில் விழுந்தது. எடுத்து ஒட்டினேன். மறுபடி விழுந்தது. அண்ணன் குனிந்து எடுத்தார்.

"நான் பிடிச்சுக்கிறேன் தம்பி. நீங்க ரோட்டப் பாருங்க."

இரண்டு கையிலும் ஏந்தியபடி அதை மடியில் வைத்துக்கொண்டார். அதன் பிறகு திரும்ப ஒட்டலாம் என்று நான் சொல்லவில்லை. அந்தக் கைகளுக்கு ஏதோ ஒன்று வேண்டியிருந்தது.

சிக்னல் இருந்த வரைக்கும் வீரசோழனிலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. பெரியவர்கள் பேசினார்கள், சொந்தக்காரர்கள் பேசினார்கள். மையத்தை, அதாவது இறந்தவரின் உடலை, அங்கேயே அடக்கம் செய்துவிடுவதா, ஊருக்குக் கொண்டுவருவதா என்பதுதான் பேச்சு. ஊருக்கு அனுப்புவதென்றால் காகித வேலை முடியப் பல நாள் ஆகும் என்றார்கள். தாமதிக்கக் கூடாது என்றார் ஒருவர். பெண்டாட்டி முகம் பார்க்காமல் எப்படி அடக்குவது என்றார் இன்னொருவர். எல்லோருக்கும் அண்ணன் சரி சரி என்றே சொன்னார். தம்பியின் மனைவி போனுக்கு வரவே இல்லை. கடைசியில் சிக்னல் போய்விட்டது.

அதன் பிறகு வெறும் மணல். எங்கள் பக்கம் வறண்ட பூமி என்று எல்லோரும் சொல்வார்கள். எத்தனை வறண்டாலும் ஒரு கருவேலம் புதர் நிற்கும், அதை ஒரு ஆடு எட்டிக் கடிக்கும். இங்கே கண் போய் நிற்க ஒன்றுமே கிடையாது. காரின் திரையைப் பார்த்தேன். நாங்கள் போய்க்கொண்டிருந்த இருவழி ரோடு புதிதாகப் போட்டது. அது அந்த மேப்பில் இல்லை. எங்கள் காரைக் குறிக்கிற அம்புக்குறி ரோடே இல்லாத வெளியில் நகர்ந்துகொண்டிருந்தது. அரபிக் குரல் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னது.

"என்ன தம்பி சொல்லுது?" என்றார் அண்ணன்.

"தப்பான வழியில போறமாம். திரும்பச் சொல்லுதுண்ணே. இது பழைய மேப்பு. உங்க கையில இருக்கிற பெட்டிதான் சரி. அதுல புது ரோடு இருக்கு."

அவர் மடியில் இருந்ததைப் பார்த்தார். "திரும்புனா மட்டும் என்ன இருக்கு?" என்றார். நான் கார்க் குரலை அணைத்தேன்.

அதற்குப் பிறகுதான் அவர் பேசத் தொடங்கினார். சிக்னல் இல்லாத அந்த இடத்தில் யாருக்கும் சரி என்று சொல்ல வேண்டியதில்லை.

"நாந்தான் அவன இங்க கூட்டிட்டு வந்தேன் தம்பி. ஊருல சும்மா திரியிறான்னு அத்தா வைஞ்சாக. நாந்தான் விசா எடுத்தேன்."

நான் வண்டியின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தேன்.

"அவன் பொண்டாட்டி ஒரு தடவ மொகத்தப் பாக்கணும்ல. ஆனா அத்தன நாளு ஐஸ்ல போட்டு வைக்கிறதா? ஒங்க வீட்டுல இப்பிடி ஒண்ணுன்னா என்ன பண்ணுவீக?"

"எங்க ஆளுக கொண்டுட்டு வந்துரத்தான் சொல்லுவாகண்ணே" என்றேன். பொய் சொல்லத் தோன்றவில்லை. அது அவருக்கு உதவுகிற பதிலாகவும் இல்லை. அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

மத்தியானத்தில் பெட்டி அணைந்துபோனது. சூடு அதிகம் என்று ஒரு எச்சரிக்கை வந்து திரை கறுத்துவிட்டது. அண்ணன் பதறிப்போனார், தான் ஏதோ தொட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டார். சூட்டில் அப்படித்தான் ஆகும், ஏசிக் காற்றில் காட்டினால் வந்துவிடும் என்றேன். கைக்குட்டையைக் குடிதண்ணீரில் நனைத்துப் பிழிந்து அதன் முதுகில் சுற்றினார். ஏசி வாய்க்கு நேராக அதைத் தூக்கிப் பிடித்தார். காய்ச்சல்காரரின் நெற்றிக்குப் பத்துப் போடுவதைப் போல இருந்தது. அங்கே ஒரே ரோடுதான் என்பதால் வழி தப்ப வாய்ப்பில்லை. அதை நான் அவரிடம் சொல்லவில்லை. திரை மறுபடி வெளிச்சமானதும் அவர் முகம் திருப்பி ஜன்னல் பக்கம் பார்த்தார். அப்போதுதான் அழுதார்.

ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தியபோது சிக்னல் வந்தது. வந்த உடனே போன் அடித்தது. அண்ணன் பேரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். தம்பியின் மனைவி. காதில் வைக்காமல் ஸ்பீக்கரில் போட்டுவிட்டார். நான் இறங்கப் போனேன். உட்காரும்படி சைகை காட்டினார்.

"மச்சான், எங்க இருக்கீக?"

"இன்னும் போயிக்கிட்டுத்தான் இருக்கோம்மா. பாலைவனம்."

"அங்க மழ பெய்யிதா?"

"இங்க இல்ல. அங்க போனாத்தான் தெரியும்."

அவள் அழாத குரலில் சொன்னாள்.

"கொண்டு வர வேண்டாம் மச்சான். அங்கேயே எடுத்துருங்க. அவுக எப்பப் பேசினாலும் மழயத்தான் சொல்லுவாக. நான் நம்புனதில்ல. போயிப் பாத்துட்டு, பெஞ்சா மட்டும் எனக்குச் சொல்லுங்க. மொகத்தப் போனுல காட்டுங்க, போதும்."

அண்ணன் போனை மடியில் வைத்தார். பங்கில் ஒரு பையன் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் போனான். நான் வண்டியை எடுத்தேன்.

சாயங்காலத்துக்கு முன்னால் தும்ரைத் என்ற ஊரைத் தாண்டி மலையில் ஏறினோம். மலை விளிம்பு வந்ததும் வெயில் நின்றது. ஒரு வளைவு திரும்பினோம், கண்ணாடி முழுக்க வெள்ளை. பனிமூட்டம். அதற்குள் பொடிப்பொடியாகத் தூறல். முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்குகூடத் தெரியவில்லை. அண்ணன் மடியிலிருந்த சின்னத் திரையைக் குனிந்து பார்த்துக்கொண்டு ஓட்ட முடியாது. காரின் பெரிய திரை நேர் எதிரில் இருந்தது. மலை ரோடு பழையது, அதில் இருந்தது. அடுத்த வளைவு எந்தப் பக்கம், எவ்வளவு கூர்மை என்று அது காட்டக் காட்ட மெதுவாக இறக்கினேன். குரலையும் போட்டேன். இடது, வலது என்கிற அரபி எனக்குத் தெரியும். பாலைவனத்தில் திரும்பிப் போ என்று சொல்லிக்கொண்டிருந்த அதே குரல்தான் எங்களைக் கீழே கொண்டுவந்து சேர்த்தது.

மூட்டத்துக்குக் கீழே வந்ததும் மலை தெரிந்தது. பச்சை. ரோட்டோரம் ஒட்டகங்கள் புல்லில் நின்று மேய்ந்தன. அண்ணன் ஜன்னலை இறக்கிக் கையை வெளியே நீட்டினார். நனைந்த கையை உள்ளே எடுத்துப் பார்த்தார்.

"உண்மையத்தான்டா சொல்லியிருக்க" என்றார். என்னிடம் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் அடக்கம். தம்பியோடு வேலை பார்த்தவர்கள், மலையாளிகளும் வங்காளிகளும் பாகிஸ்தானிகளும், ஒரு கூட்டமாக வந்திருந்தார்கள். குளிப்பாட்டிய பிறகு முகத்தை மூடுவதற்கு முன் அண்ணன் போனைப் பிடித்தார். அந்தப் பக்கம் வீடு நிறையப் பெண்கள் இருக்கும் சத்தம் கேட்டது, பிறகு அது அடங்கியது. அண்ணன், "மழ பெய்யிதும்மா" என்றார்.

மையவாடியில், அவர்களின் இடுகாட்டில், நான் வாசலிலேயே நின்றேன். உள்ளே போகலாமா என்று எனக்குத் தெரியவில்லை. குழிக்கு அருகில் நின்ற அண்ணன் திரும்பி என்னைத் தேடினார். "வாங்க தம்பி" என்று கூப்பிட்டார். போனேன். நானும் மண் அள்ளிப் போட்டேன். ஈர மண், உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. தலைமாட்டில் ஒரு கல், கால்மாட்டில் ஒரு கல். எழுத்து எதுவும் இல்லை. அங்கே எல்லாக் கபர்களும் அப்படித்தான்.

எல்லோரும் கலைந்த பிறகு அண்ணன் காருக்குப் போய்ப் பெட்டியை எடுத்துவந்தார்.

"இந்த எடத்த இதுல வைக்க முடியுமா தம்பி?"

தலைமாட்டுக் கல்லுக்குப் பக்கத்தில் நின்று, சாட்டிலைட் பிடிக்கும்வரை பொறுத்து, அந்த இடத்தைக் குறித்தேன். பேர் கேட்டது. என்ன போடட்டும் என்று கேட்டேன். "தம்பின்னு போடுங்க" என்றார்.

காருக்கு வந்த பிறகு அதன் நேவிகேஷனிலும் ஒரு புள்ளி வைத்தேன். அது நிலைக்கவில்லை. மஸ்கட் திரும்பியதும் மேனேஜர் காரைச் சர்வீஸுக்கு விட்டு மேப்பைப் புதுசாக்கினார், பழையதெல்லாம் போய்விட்டது. அவர்மேல் என்ன குறை சொல்வது, அவர் கார். பெட்டியில் இருந்த புள்ளி மட்டும் இருந்தது. சில வெள்ளிக்கிழமைகளில் அண்ணன் அதைக் கேட்டு வாங்கி, போட்டுப் பார்த்துவிட்டுத் தருவார்.

அடுத்த லீவில் ஊருக்கு வந்தபோது அருப்புக்கோட்டையில் பஸ் ஏறி வீரசோழன் போனேன். அண்ணன் கொடுத்தனுப்பியவற்றை வீட்டில் சேர்க்க வேண்டியிருந்தது. பெட்டியையும் கையோடு கொண்டுபோனேன். அவரே அதைக் காட்டச் சொல்லியிருந்தார். தம்பியின் மனைவி கதவோரம் நின்று பேசினாள். பெட்டியைப் போட்டேன். அதில் அரபு நாடுகளின் மேப் மட்டும்தான் உண்டு. வீரசோழனில் அது வெறும் தரையையும் ஒரு அம்புக்குறியையும் காட்டியது.

"நம்ம ஊரு இதுல இல்லையாண்ணே?"

"இல்லம்மா. அந்தப் பக்கம் மட்டுந்தான்."

பிறகு சலாலாவை எடுத்து அந்தப் புள்ளியைக் காட்டினேன். குனிந்து பார்த்தாள். கடல் எந்தப் பக்கம் என்று கேட்டாள். காட்டினேன். மலை எந்தப் பக்கம் என்று கேட்டாள். அதையும் காட்டினேன். மார்க்கெட் எங்கே என்று கேட்டாள். அந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினேன்.

நான் ஓமானை விட்டு ஒரேயடியாக வந்தபோது பெட்டியை அண்ணனிடம் கொடுத்துவிட்டேன். இங்கே வந்து லோனில் ஒரு கார் எடுத்து ஓட்டத் தொடங்கினேன்.

சில வருடம் கழித்து அண்ணன் தன் மனைவியையும் தம்பியின் மனைவியையும் விசிட் விசாவில் ஓமானுக்குக் கூட்டிப்போனார். திரும்பி வருகிற நாள் எனக்குப் போன் செய்தார். மதுரை ஏர்போர்ட்டுக்கு நான்தான் போனேன். முன் சீட்டில் உட்கார்ந்த அண்ணன் காரியாபட்டி வருவதற்குள்ளேயே தூங்கிவிட்டார். பின்னால் அவர் மனைவியும் தூங்கினார். தம்பியின் மனைவி மட்டும் விழித்திருந்தாள். கண்ணாடியில் பார்த்து, "போயிட்டு வந்தீகளாம்மா?" என்று கேட்டேன்.

"போனம்ணே. வாடகைக் காருலயும் மேப் இருந்துச்சு. அது மையவாடி வாசல் வரைக்கும் கொண்டு போயி விட்டுருச்சு. பொம்பளைக உள்ள போற வழக்கம் இல்லையாம். செவத்துக்கு வெளிய நின்னேன். சின்னச் செவருதான், உள்ள தெரிஞ்சுச்சு. மச்சான் பெட்டியக் கையில வச்சுக்கிட்டு உள்ள போனாக."

"கண்டுபிடிச்சாராம்மா?"

"ஒரு எடத்துல வந்து சேந்துட்டோம்னு அது சொல்லிருச்சாம். ஆனா அங்க ஏழெட்டுக் கபரு ஒண்ணுபோல கெடக்கு. புதுசும் நெறைய வந்திருச்சு. மச்சான் முன்ன நடக்குறாக, பின்ன நடக்குறாக, அந்த அம்பு ஆடிக்கிட்டே இருக்குன்னாக. எதுன்னு அவுகளுக்குப் புடிபடல. எவ்வளவு நேரம் நடந்தாகன்னு தெரியல. சட்டையெல்லாம் தூறல்ல நனஞ்சு போச்சு."

அந்தப் பெட்டி சில அடி முன்னே பின்னே காட்டத்தான் செய்யும் என்று சொன்னேன். ஒரு வீட்டைக் கண்டுபிடிக்க அது போதும்.

"மச்சானும் அதத்தான் சொன்னாக" என்றாள். "நாந்தான் கூப்புட்டேன். போதும் மச்சான், வந்துருங்கன்னு. வந்து ஏங்கிட்ட நின்னுக்கிட்டு அழுகுறாக. நான் செவத்துப் பக்கத்துலயே நின்னு அந்த வரிசை பூராத்துக்கும் ஓதுனேன். அங்க படுத்திருக்கவுக யாரு வீட்டு ஆளுகளோ. அவுக பொண்டாட்டியெல்லாம் வரவா போறாக?"

திருச்சுழி வந்தது. கடைவீதியில் பஸ் ஒன்று வழிவிடாமல் நின்றது, கொஞ்ச நேரம் காத்திருந்தோம். அவள் தலையைச் சீட்டில் சாய்த்துக் கண்ணை மூடினாள்.

வீரசோழனில் வீட்டு வாசலில் சூட்கேஸ்களை இறக்கி வைத்தேன். அண்ணன் தூக்கக் கலக்கத்தோடு என் தோளைப் பிடித்தார். கிளம்புகிறேன் என்றதும் தம்பியின் மனைவி உள்ளிருந்து, "சாப்புடாமப் போகக் கூடாதுண்ணே, கஞ்சி இருக்கு" என்று குரல் கொடுத்தாள். மதுரையில் எனக்கு அடுத்த சவாரி காத்திருந்தது. அந்தச் சவாரிக்காரருக்குப் போன் செய்து கொஞ்சம் தாமதமாகும் என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றி உள்ளே போய் உட்கார்ந்தேன்.